காது என்கிற என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்கு நண்பர்கள் வைத்த பெயர் காது. மரியாதைக்கு வைத்த பெயர். கேலியாகச் சொல்கிறவள் நான் ஒருத்திதான். பகலில் அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு ‘வருந்துகிறோம்’ என்று எழுதி அனுப்பும் பிரிவுக்குத் தலைவர். மாலையில் அதே விரல்களால் இசை விமர்சனம் எழுதுவார். ‘இம்மாதத்தின் ஐந்து ஆல்பங்கள்’ என்று ஓர் இணைய இதழில் மாதா மாதம் பட்டியல் போடுகிறார். அதற்காக ஒரு பெருங்கூட்டமே தவம் கிடப்பதாக அவருக்கு நினைப்பு. எனக்குத் தெரிந்து அந்தக் கூட்டம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணனின் பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து டீ குடிக்கும்.

மொத்தம் ஐந்து பேர். அண்ணன் பல் டாக்டர். இடம் அவருடையது என்பதால் யாரும் அவர் ரசனையைக் குறை சொல்வதில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒருவர், அவருக்குக் கேசட் என்று பெயர். கேசட் ஒழிந்த அன்றைக்கே இசையும் ஒழிந்துவிட்டது என்பது அவர் கட்சி. ஒழிந்த பிறகும் எதற்கு மாதா மாதம் வருகிறார் என்று நான் கேட்டதில்லை. அடுத்தவர், வீடு வீடாகப் போய் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கும் டியூஷன் சார். எந்தப் பாட்டும் பாட்டாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. பிறகு காது. பிறகு நான், காதுக்கு வாழ்க்கைப்பட்ட பாவத்துக்கு. டீ நான்தான் போடுவேன் என்று சொல்லவே வேண்டாம்.

ஆளுக்கு ஓர் ஆல்பம் கொண்டுவர வேண்டும். அந்த மாதம் வெளிவந்ததாக இருக்க வேண்டும். யார் பாடியது என்று முன்னால் சொல்லக் கூடாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல், எழுந்து போகாமல் கேட்க வேண்டும். இந்த வரிசை விஷயத்தில் இவர்கள் படுத்தும் பாடு கொஞ்ச நஞ்சமல்ல. ஒற்றைப் பாட்டைத் தனியாகப் பிடுங்கிக் கேட்கிறவனைக் கண்டால், புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். “ஆல்பம்னா அது ஒரு கட்டடம். மொத மாடிய விட்டுட்டு ரெண்டாவது மாடிக்குப் போக முடியுமா?” என்று காது கேட்பார். அண்ணனின் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆல்பம் கொண்டுவந்த ஆள், பல் பிடுங்கும் நாற்காலியில் மல்லாந்து படுக்க வேண்டும். மற்ற எல்லோரும் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. அண்ணன் கண்டுபிடித்த விதி இது. வாரம் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லும் நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயை மூடச் சொல்லும். படுத்திருக்கிறவரின் முகத்துக்கு மேலே விளக்கு வேறு எரியும். அதன் கீழே கிடந்து, தனக்குப் பிடித்ததை நான்கு பேர் கொத்துவதைப் பேசாமல் கேட்க வேண்டும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இதுநாள் வரை நான் எந்த ஆல்பமும் கொண்டுபோனதில்லை. போன மாதம் என் வீட்டுக்காரர், எல்லோர் முன்னாலும், “இவளுக்கு நான் கேக்குறதுதான் ரசனை” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அடுத்த மாதம் நானும் ஒன்று கொண்டுவருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். கொண்டுபோனது நான் பாடிய ஆல்பம்.

நான் வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைப் பிரிவில். எட்டாம் நம்பர் அறை. அதற்குள் சத்தம் புகாத கூண்டு ஒன்று இருக்கிறது. நோயாளியை உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டி, கேட்கிறதா கேட்கிறதா என்று பார்ப்போம். மத்தியானம் அது காலியாக இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இருக்கிற பெண் நன்றாக கிடார் வாசிப்பாள். ஒருநாள் விளையாட்டாக உள்ளே உட்கார்ந்து பாடினோம். அவளே பதிவு செய்தாள், அவளே சேர்த்து ஒட்டினாள். விளையாட்டு வினையாகி ஒரு வருஷம் ஓடியது. கடைசியில் எட்டுப் பாட்டு ஒரு ஆல்பமாக நின்றது. ஒரு பெண்ணின் ஒரு நாள் அது. காலையில் அலாரம் அடிப்பதில் ஆரம்பித்து, ராத்திரி விளக்கை அணைப்பதில் முடியும். பாடியவர் பெயராக ‘எட்டாம் அறை’ எனப் போட்டோம். அந்த ஒரு வருஷமும் நான் வீட்டில் சமையல்கட்டில் நின்று அதே பாட்டுகளைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் காது, காதில் ஹெட்ஃபோனோடு, இம்மாதத்தின் ஐந்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆல்பம் வெளிவந்த வாரமே ஒரு போன் வந்தது. ஊர் ஊராகக் கச்சேரி நடத்தும் ஓர் அம்மாள், அடுத்த மாதம் முழுக்கத் தன் குழுவோடு வந்து பாட முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். “ஒரு டிக்கெட் போடவா, ரெண்டு போடவா? கூட யாராவது வருவாங்களா? ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க” என்றார்.

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பாடியது நான்தான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சொல்லிக் கொடுத்த பதிலுக்கு மார்க் போடுகிற ஆள் நான் இல்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு என் குரல் தெரிய வேண்டும். தெரிந்தால் இரண்டு டிக்கெட். தெரியாவிட்டால் ஒன்று. அவருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

காதில் கோளாறு என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. என் அறைக்கு வரவழைத்து நானே பரிசோதித்திருக்கிறேன். சின்னப் பிள்ளைக்குக் கேட்பது போலக் கேட்கிறது. காது சுத்தம். ஆள்தான் கேட்பதில்லை.

அன்றைக்கு முதலில் நாற்காலியில் ஏறியவர் கேசட். பழைய பாடகர் ஒருவரின் புது ஆல்பம். இளவயதில் அவர் பாடிய அதே மெட்டுகளை, இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு பாடியிருந்தார்.

“டிரம்ஸ் வாசிக்கிறது மனுஷன். கேட்டீங்களா? மெஷின் இல்ல!” என்றார் கேசட், படுக்கும் முன்பே.

“வாயத் தொறக்கக் கூடாது” என்றார் அண்ணன்.

“மனுஷன்தான். அதான் தாளம் தப்புது” என்றார் டியூஷன் சார்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, “இது ஆல்பம் இல்ல. ஓய்வூதியம்” என்றார். இப்படி ஒரு வரி கிடைத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் அவர் ஒன்றையும் கேட்க மாட்டார். அந்த வரியை எப்போது எழுதுவது என்ற யோசனை வந்துவிடும். உதடு அசைவதை வைத்தே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

அடுத்து டியூஷன் சார். அவர் கொண்டுவந்ததில் ஒரு பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் இருந்தது. வெகு நேரம் ஓடியது. ஒருவழியாகக் கடைசியில் யாரோ கதவைத் திறந்தார்கள். நான் டீ போட எழுந்தேன், வரிசையைக் கெடுக்காதே என்று உட்கார வைத்துவிட்டார்கள். முடிந்ததும் கேசட், “எங்க வீட்டு பிரிட்ஜ் இதவிட நல்லாப் பாடும்” என்றார். நாற்காலியில் டியூஷன் சாரின் கழுத்து நரம்பு புடைத்தது. காது மட்டும் பாராட்டினார். “கடைசியில அந்தக் கதவு தொறக்குது பாருங்க. மொத்த ஆல்பமும் அந்த ஒரு கதவுக்காகக் காத்துகிட்டு இருக்கு. வரிசையோட வெற்றி இது.” டியூஷன் சார் இறங்கியதும், அந்தக் கதவு முதல் பகுதியில் அல்லவா வரும் என்று எனக்குக் கேட்கிற மாதிரி முனகினார். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணனும் காதும் படுத்து இறங்கிய பிறகு, கடைசியாக என் முறை. அண்ணனின் சிஸ்டத்தில் போட்டுவிட்டு நாற்காலியில் ஏறிப் படுத்தேன். அண்ணன் விளக்கைப் போட்டார். பல் பிடுங்க வந்தவளுக்குக்கூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டிருக்காது.

அலாரம் பாட்டு வர வேண்டும். ‘உன் அலாரத்துக்கு எழுவது நான்’ என்று ஆரம்பிக்கும். வந்தது வேறு. கிடார் மெதுவாக நாலு தட்டு தட்டியது, என் குரல் எழுந்தது:

‘விளக்கை அணைத்தாயா என்று நீ கேட்கிறாய்,
அணைத்த விளக்கின் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.’

இது கடைசிப் பாட்டு. தவறுதலாகத் தொட்டுவிட்டேனோ என்று எழப் பார்த்தேன். “ஆடக் கூடாது, வாயும் தொறக்கக் கூடாது” என்றார் கேசட். அடுத்து மத்தியானப் பாட்டு வந்தது. அதற்கடுத்து ஐந்தாவது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷஃபிள். பாட்டுகளைக் கலைத்துப் போடுகிற அந்தப் பொத்தானை யாரோ அழுத்தி வைத்திருக்கிறார்கள். அண்ணனிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரிசப்ஷன் பெண், காத்திருக்கிறவர்களுக்குத் தினமும் ஒரே பாட்டு முதலில் வருகிறதென்று எதையோ மாற்றியதாக முன்பு ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் சேர்ந்து நாலு மாதம் இருக்கும். அப்படியானால் போன மாதம் இவர்கள் ஒரு மணி நேரம் கொண்டாடிய அந்தக் கட்டடம்? அதற்கு முந்தின மாதம், தாலாட்டை முதல் பாட்டாக வைத்த துணிச்சலுக்கு என் வீட்டுக்காரர் எழுதிய மூன்று பத்தி? எனக்குச் சிரிப்பு வயிற்றில் முட்டியது. வாயைத் திறக்க முடியாது. விதி.

சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினால், அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தட்டில் இருந்த எதையோ கையில் எடுத்தவர் திரும்ப வைக்க மறந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர். நான் தூக்கத்தில் பாடினாலும் கண்டுபிடிப்பார். என் வீட்டுக்காரரைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

கேசட்டுக்கு மூன்றாவது பாட்டில். அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். இந்த ஆளா, மெஷின் வந்ததிலிருந்து எதையும் காது கொடுத்துக் கேட்காதவர்! டியூஷன் சார் கொஞ்சம் தாமதம். “இந்தக் குரல்ல ஒரு...” என்று ஆரம்பித்து என் பக்கம் கையை நீட்டியவர், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

ஆக, அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த அறையில் காது என்று பெயர் வாங்கியவர் ஒருவர்தான். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

ஆறாவதாக வந்தது கண்ணாடிப் பாட்டு. வேடிக்கைப் பாட்டு அது. ‘மூக்கின் மேல் இருப்பதை வீடெல்லாம் தேடுகிறான், தேடித் தரச் சொல்லி என்னைத் திட்டுகிறான்’ என்று போகும். ஒற்றைக் காலுறையோடு ஆபீசுக்குக் கிளம்புவான், குடித்த டம்ளரைப் புத்தகத்தின் மேலேயே வைப்பான், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுவான். என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

“இப்படியும் ஒருத்தன் இருப்பானா? இவன எப்படித்தான் அந்தம்மா சகிச்சுக்கிட்டு இருக்காங்களோ! அடிமுட்டாளா இருப்பான் போலிருக்கே!”

சொல்லும்போது அவருடைய கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறி இருந்தது.

“காது, கொஞ்சம் நல்லாக் கேளுங்க” என்றார் கேசட், செருப்பைப் பார்த்தபடியே.

“கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க நடுவுல பேசாதீங்க.”

“குரலக் கேளுங்கன்னு சொல்றேன்.”

“குரலத்தான்யா கேக்குறேன்!”

பாட்டுகள் முடிந்தன. கடைசியாக அலாரம் அடித்து நின்றது. இப்போது தீர்ப்பு. மற்ற நாட்களில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பாய்வார்கள். அன்றைக்கு மூன்று பேரும் ஒரு வரியைத் தாண்டவில்லை. “எனக்குப் புடிச்சிருந்துச்சு” என்றார் டியூஷன் சார். பாட்டாக இருக்கும் ஒன்றைப் பிடித்தது என்று அவர் வாயால் வந்தது அதுதான் முதல் தடவை. “நல்லா இருக்கும்மா” என்றார் கேசட், என்னைப் பார்த்தே. அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

“என்ன, எல்லாரும் மழுப்புறீங்க?” என்று என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்போதும் அவர்தான் கடைசியில் பேசுவார். தீர்ப்பு அவருடையது. “நான் சொல்லட்டுமா? இந்த மாசத்துல வந்ததுலயே இதுதான் மொத இடம். சந்தேகமே வேணாம். வரிசையப் பாருங்க. ராத்திரில ஆரம்பிச்சு, விடியக்காலைல முடிக்கிறாங்க. நாள் முடியுற எடத்துல ஆரம்பம், நாள் ஆரம்பிக்கிற எடத்துல முடிவு! வேற எவனா இருந்தாலும் காலைல ஆரம்பிச்சு ராத்திரில முடிச்சிருப்பான். சாதாரண மூளைக்கு அதான் தோணும்.”

சாதாரண மூளை நாற்காலியில் மல்லாந்து கிடந்தது.

“அப்புறம் அந்தக் குரல்.” இங்கே அவர் கண்ணாடியை இறக்கித் துடைத்தார். “நான் எத்தன குரல் கேட்டிருக்கேன்! ஒரு குரலக் கேட்டா அந்த ஆளோட வீட்டையே என்னால சொல்லிட முடியும். இது யாரும் கேக்காத குரல். இந்தம்மா சமையல்கட்டுல பாடுவாங்க. பக்கத்து ரூம்ல ஆள் இருக்கும். ஆனா காதுல விழாது. வீட்ல கேக்குறதுக்கு ஆளே இல்லாம பாடிப் பாடிப் பழுத்த குரல் இது. பாவம்.”

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதர் சொன்னது அத்தனையும் சரி. ஓர் எழுத்துப் பிசகவில்லை. இவ்வளவு கேட்கத் தெரிந்தவருக்கா என்னைக் கேட்கத் தெரியவில்லை? கோபம் அப்போது வரவில்லை. துக்கம்தான் வந்தது.

“மாப்ள” என்றார் அண்ணன். குரல் கம்மியிருந்தது. “மொதல்லேர்ந்து இன்னொரு தடவ போடுறேன். கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுக் கேளுங்க.” சிஸ்டத்திடம் போனவர் குனிந்து பார்த்து, “அடடா” என்றார்.

“என்ன மச்சான்?”

“ஷஃபிள்ல இருக்கு. கலைஞ்சு வந்திருக்கு. அந்தப் பொண்ணு சேந்ததுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கணும்.”

நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அந்த அறையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. டியூஷன் சார் “நான் சொன்னேன்ல, அந்தக் கதவு!” என்று துள்ளினார். கேசட், “கேசட்டா இருந்தா இப்படி ஆகுமா? கேசட் கலையுமா?” என்று மேசையைத் தட்டினார். வாழ்க்கையில் அவர் கட்சி ஜெயித்தது அந்த ஒரு நாள்தான், ஜெயிக்கட்டும். என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நொடி ரத்தம் இல்லை. ஒரே ஒரு நொடி.

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார். “எப்படிக் கலைச்சாலும் நிக்குது பாருங்க. எந்த மாடில ஏறினாலும் கட்டடம் கட்டடந்தான். உண்மையான வரிசைன்னா அது வரிசையையே தாண்டி நிக்கணும்.”

இவரை வெள்ளத்தில் தள்ளிவிட்டாலும் நீச்சல் போட்டி நடத்திப் பரிசும் வாங்கிக்கொண்டு கரையேறுவார்.

“சரி, விதிப்படி நீ வாயத் தொறக்கலாம். யாரு பாடினது?” என்று என்னிடம் கேட்டார்.

எழுந்து உட்கார்ந்தேன். நாற்காலியின் விளக்கில் கண் கூசியது. “எட்டாம் அறை” என்றேன். பேசுகிறது அதே குரல். கேட்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

“எட்டாம் அறை. நல்ல பேரு” என்று தலையாட்டினார். அந்த அறைக்கு வந்து, அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நான் மாட்டிவிட்ட ஹெட்ஃபோனோடு கையைத் தூக்கிக் காட்டியவர். “ஆளு எந்தூருன்னு தெரியுமா? ஒரு பேட்டி எடுத்தா நல்லாருக்கும்.”

அண்ணன் வாயைத் திறந்தார். “அண்ணா, விடு” என்றேன். அவர் திரும்பி நின்று கழுவிய டம்ளர்களையே மறுபடியும் கழுவினார். இதற்குள் என் வீட்டுக்காரர் போனை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, பட்டியலை எழுதி இதழுக்கு அனுப்பிவிட்டார். முதல் இடம், எட்டாம் அறை.

சாயங்காலம் காரில் கிளம்பினோம். கேசட் என் பக்கத்துக் கதவை மூடிவிட்டு, கண்ணாடி வழியாக ஏதோ சொல்ல நினைத்து, “பாத்துப் போங்கம்மா” என்று மட்டும் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் என் வீட்டுக்காரர் ஆல்பத்தை ஸ்டீரியோவில் போட்டார். இந்தத் தடவை வரிசையாக. அலாரம் அடித்தது. ‘உன் அலாரத்துக்கு எழுவது நான்’ என்று என் குரல் கார் முழுக்க நிறைந்தது. தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. கடைகளின் பாதிக் கதவு மூடியிருந்தது. அவர் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதைவிடக் கிட்டத்தில் போய் எங்கே உட்காருவது?

நானும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தேன். மெதுவாகத்தான்.

“ஷ்ஷ்” என்றார், சாலையைப் பார்த்தபடி. “கேக்க விடு. நல்ல பாட்டக் கெடுக்காத.”

அதுவரை துக்கமாக இருந்தது, அந்த இடத்தில் கோபமானது. நல்ல கோபம். பல்லுக்கு நடுவே அடைத்திருந்ததைத் துப்பிய மாதிரி இருந்தது. குரலை உயர்த்தினேன். இரண்டாம் அடியில், கூண்டுக்குள் பாடிய அதே அளவுக்கு, மூச்சு எடுக்கும் இடத்தில் மூச்சு எடுத்து, நீட்டும் இடத்தில் நீட்டினேன். அவர் முகம் சுளித்தார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். “என்ன பண்ற நீ?” என்று சொல்லிக்கொண்டே ஸ்டீரியோவை அணைத்தார்.

பாட்டு நிற்கவில்லை.

அவர் முதலில் ஸ்டீரியோவைப் பார்த்தார். பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அந்த அடி முடியும் வரை நான் பாடினேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அவர் வாய் பாதி திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண் ஒவ்வொரு பாட்டாகத் திரும்பிப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது: சமையல்கட்டு, டம்ளர், ஒற்றைக் காலுறை. கண்ணாடிப் பாட்டுக்கு வந்ததும் இமை ஒரு தடவை அடித்துக்கொண்டது. இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அப்போதுகூட, ஒரே ஒரு நல்ல வார்த்தை வந்திருந்தால், இரண்டு டிக்கெட் போடச் சொல்லியிருப்பேன். நான் அவ்வளவு லேசில் விழக்கூடியவள்தான்.

“நீயா?” என்றார்.

“நான்தாங்க.”

“ஐயய்யோ” என்றார். “லிஸ்ட் அனுப்பிட்டேனே!”

எனக்குப் புரியவில்லை.

“பொண்டாட்டி ஆல்பத்துக்கு மொத இடம் குடுத்திருக்கான்னு சிரிப்பாங்களே. இத்தன வருஷமா சேத்து வச்ச பேரு என்ன ஆகுறது? ஏன்டி, முன்னாடியே சொல்றதுக்கு என்ன?” போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இதழ் ஆசிரியருக்கு எழுத ஆரம்பித்தார். கட்டை விரல்கள் பறந்தன. நடுவில் ஒரு தடவை, பெரிய மனசு பண்ணி, “ரெண்டாவது எடத்துல போடச் சொல்லவா? அது அவ்வளவா யார் கண்ணையும் உறுத்தாது” என்றார்.

“உங்க இஷ்டம்” என்றேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கைப்பையிலிருந்து என் போனை எடுத்து, கச்சேரி அம்மாளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“ஒரு டிக்கெட் போதும்மா” என்றேன். “ஆமா, ஒண்ணுதான். மாசம் முழுக்க இருப்பேன்.”

என் வீட்டுக்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் தூக்கி, “கொஞ்சம் மெதுவாப் பேசேன். எழுதிக்கிட்டு இருக்கேன்ல” என்றார்.

நான் சத்தமாகவே பேசினேன்.